கிடாவைக் கண்ணால் எடுப்பதா, தராசில் எடுப்பதா?

9 பிப்ரவரி 2025. விருத்தாசலம் பக்கத்து வாசகர் ஒருவர்:

அண்ணா, நம்ம ஓங்கோல் மாட்டைக் கொண்டுபோன பிரேசில்காரர்கள் அதையே கறிமாடாக வளர்த்து உலகத்துக்கே விற்கிறார்கள். நம்மிடம் செம்மறி தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, ஆறு மாதக் குட்டி இன்னும் அதே பதினாலு கிலோதான். வேப்பூர் சந்தையில் பெரிய கிடாவாக ஒன்று பிடித்து மந்தையில் விட்டால் இரண்டே வருஷத்தில் எடை ஏறிவிடும் என்கிறேன். மாமா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். உங்கள் கருத்து?

10 பிப்ரவரி 2025

மாமாவின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. சந்தையில் நிற்கும் கிடா எதனால் பெரிதாக இருக்கிறது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. நாலு பல் போட்டு வயது கூடியதால் இருக்கலாம். ஒற்றைக் குட்டியாகப் பிறந்து தாய்ப்பால் முழுவதையும் தானே குடித்திருக்கலாம். அறுவடை முடிந்த கடலைக் கொல்லையில் ஒரு மாதம் மேய்ந்திருக்கலாம். சந்தை நாளான வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வயிறு நிறைய உப்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கலாம். இதில் எதுவுமே குட்டிக்கு இறங்காது. ரத்தத்தில் வந்தது மட்டும்தான் இறங்கும், அது எவ்வளவு என்று பார்வைக்குத் தெரியாது.

பிரேசில் விஷயம் உண்மைதான். நெல்லூர்ப் பெயரையே வைத்து அந்த இனத்தை அங்கே நெலோர் என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறத் தொடங்கிய மாடு, 1960களின் தொடக்கம் வரை போய்க்கொண்டிருந்தது. ஆனால் கொண்டுபோனதால் மட்டும் அங்கே எடை ஏறவில்லை. பிறந்த தேதி, தாய், தகப்பன், பால் மறக்கும்போது எடை, ஒரு வயதில் எடை என்று கன்றுக்குக் கன்று எழுதிவைத்து, அதிலிருந்து காளையைப் பொறுக்கினார்கள். நாம் கேட்க வேண்டியது அந்த நோட்டைப் பற்றித்தான்.

10 பிப்ரவரி, இரவு

ஒன்று சேர்க்க வேண்டும். சந்தைக் கிடா எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் பழைய வியாபாரி இடுப்பெலும்பின் மேல் கை வைத்தால், தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் எவ்வளவு கறி என்று சொல்லிவிடுவார். அந்தக் கையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது இன்றைக்கு இந்த ஆட்டில் இருக்கும் கறியைச் சொல்லும் கை. அடுத்த வருஷம் பிறக்கப்போகும் குட்டியின் கறியை அதனால் சொல்ல முடியாது.

13 பிப்ரவரி 2025

இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் ஊரில் மந்தை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். மார்கழி, தையில் பெரும்பாலான ஆடுகள் ஈனும். சித்திரை, வைகாசியில் வியாபாரி பட்டிக்கே வருவார். எந்தக் குட்டியின் மேல் கை வைப்பார்? நன்றாக வளர்ந்ததன் மேல்தான். நமக்கும் பணம் அவசரம். பள்ளிக்கூடம் திறக்கிறது, அக்கா வீட்டில் காதுகுத்து, போர் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. ஆக, முதலில் வேகமாக வளர்ந்த கிடா போகிறது, அடுத்த மாதம் அதற்கடுத்தது. ஆடி வந்து ஆடுகள் பருவத்துக்கு வரும்போது பட்டியில் மிச்சம் நிற்பது யாரும் விலை கேட்காத கிடா. அடுத்த மார்கழிக் குட்டிகளுக்கெல்லாம் அதுதான் அப்பன்.

நாமும் தேர்வு செய்துகொண்டுதான் இருக்கிறோம். வருஷம் தவறாமல், மெதுவாக வளரும் ரத்தத்தைத் தேர்ந்து வைக்கிறோம். இத்தனைக்குப் பிறகும் பதினாலு கிலோவிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்காமல் இருப்பதே நம் ஆட்டின் பெருமை என்பேன்.

எந்த இனம் வாங்கலாம், எந்தத் தீவனம் போடலாம் என்பதெல்லாம் பிறகு. பட்டியில் முதலில் விலைபோகும் அந்தக் கிடாவை விற்காமல் வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

14 பிப்ரவரி 2025

"விற்காமல் வைத்தால் எனக்கு என்ன லாபம்?" என்று பண்ருட்டிக்காரர் ஒருவர் கேட்கிறார். கணக்கைப் போட்டுவிடலாம்.

ஆறு மாதத்தில் மந்தையின் சராசரி 14 கிலோ, உங்கள் முதல் கிடா 19 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 5 கிலோ. இந்த ஐந்தும் ரத்தம் கிடையாது. செம்மறியாகட்டும், கறிமாடாகட்டும், வளர்ச்சி எடையில் தெரியும் வித்தியாசத்தில் சுமார் 20 முதல் 40 சதவீதம்தான் மரபில் வருவது. நடுவே 30 சதவீதம் என்று எடுத்தால் ஒன்றரை கிலோ. கிடா குட்டிக்குத் தருவது பாதி, மற்றப் பாதி தாயிடமிருந்து. ஆக ஒரு குட்டிக்கு முக்கால் கிலோ.

முக்கால் கிலோதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அந்தக் கிடாவுக்கு வருஷத்தில் முப்பது குட்டி நின்றால் 22 கிலோவுக்கு மேல். உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் 9,000 ரூபாய். வைகாசியில் அந்தக் கிடாவை விற்றிருந்தால் 7,600 கிடைத்திருக்கும், அதுவும் ஒரே ஒரு தடவை. இங்கே கிடா இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டுப் பெரிய ஆடாகவே விலைபோகும். அதன் பெட்டைக் குட்டிகள் உங்கள் மந்தையிலேயே தங்கி, அந்த எடையில் ஒரு பங்கைத் தங்கள் குட்டிக்கும் கொடுக்கும். தீவனச் செலவு ஒரு தடவை செய்தால் ஒரு தடவைதான் பலன். இது மந்தையில் தங்கிவிடும்.

சராசரி கிடாவை விட்டால் இந்த முக்கால் கிலோ பூஜ்யம். யாரும் விலை கேட்காத 11 கிலோ கிடாவை விட்டால் பூஜ்யத்துக்கும் கீழே.

16 பிப்ரவரி 2025

எடை போடும் முறையைக் கேட்டிருக்கிறீர்கள். செலவு பெரிதாக இல்லை. 50 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு ஒன்று, தடித்த கோணிப்பை ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று.

கோணியில் நாலு ஓட்டை போட்டு நாலு காலையும் அதற்குள் விட்டுவிட வேண்டும். இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டினால், பூவரசு மரக் கிளையில் குட்டி அந்தரத்தில் தொங்கும். முதல் இரண்டு மூன்று நொடி உதைக்கும், பிறகு தரையில் கால் படவில்லை என்று தெரிந்ததும் அடங்கிவிடும். அடங்கிய பிறகுதான் முள்ளைப் பார்க்க வேண்டும். உதைக்கும்போது படித்தால் ஒரு கிலோ கூடவும் காட்டும், குறையவும் காட்டும். கோணியின் எடையை முதலிலேயே கழித்துவிடுங்கள். மழையில் நனைந்த கோணி கனக்கும், அன்றைக்கு மறுபடி நிறுத்துக் கழியுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மேய்ச்சலுக்கு விடுவதற்கு முன்னால் காலை வெறும் வயிற்றில் நிறுக்க வேண்டும். மாலையில் மேய்ந்து தண்ணீர் குடித்து வரும் குட்டியின் எடையில் புல்லும் தண்ணீரும் சேர்ந்திருக்கும். ஒன்றைக் காலையிலும் ஒன்றை மாலையிலும் நிறுத்து எது பெரிது என்று பேசுவதற்கு நிறுக்காமலே இருக்கலாம்.

பிறந்த அன்றைய எடை, மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம். இந்த நாலு போதும். தினமும் நிறுத்தால் குட்டி மிரளும், நமக்கும் வேலை கெடும்.

17 பிப்ரவரி 2025

அடையாளத்துக்குக் காதுத் தோடு நல்லதுதான், ஆனால் எங்கள் பக்கம் கிடாக்குட்டிக்கு நான் போடுவதில்லை. தோடு முள்வேலியில் மாட்டிக் காது கிழிந்தால் பக்ரீத் குர்பானிக்கு வாங்க வருபவர்கள் தயங்குவார்கள். கழுத்தில் நைலான் கயிறு, அதில் எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை. குட்டி வளர வளரக் கயிற்றைத் தளர்த்த வேண்டும், மறக்கக் கூடாது. பட்டியில் தங்கப்போகும் பெட்டைக்குத் தோடு போடலாம்.

23 பிப்ரவரி 2025

எல்லாக் குட்டியும் ஒரே நாளில் பிறப்பதில்லை, அப்போது எதை எதோடு ஒப்பிடுவது? நல்ல கேள்வி. இதற்குக் கறிமாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் வழியைச் செம்மறிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் கன்று எந்த நாளில் நிறுக்கப்பட்டாலும் எடையை 205ஆம் நாளுக்கு மாற்றி எழுதுவார்கள். நமக்கு 90 நாள்.

இன்றைய எடையில் பிறந்த எடையைக் கழியுங்கள். வருவதை வயது நாளால் வகுத்தால் ஒரு நாள் வளர்ச்சி. அதை 90ஆல் பெருக்கிப் பிறந்த எடையைக் கூட்டுங்கள்.

இரண்டு குட்டியை வைத்துப் பார்ப்போம். ஒன்று 2.4 கிலோவில் பிறந்து, 104 நாளில் 11.5 கிலோ. இன்னொன்று 2.5 கிலோவில் பிறந்து, 80 நாளில் 10.1 கிலோ. பட்டியில் பக்கத்தில் நின்றால் முதல் குட்டிதான் பெரிது, யாரைக் கேட்டாலும் அதைத்தான் காட்டுவார்கள். கணக்குப் போட்டால் முதல் குட்டி 90 நாளில் 10.3 கிலோதான், இரண்டாவது 11 கிலோவைத் தாண்டுகிறது. கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்த குட்டிதான் வேகமாக வளர்ந்தது.

தாயின் ஈத்தையும் எழுத வேண்டும். தலையீத்து ஆட்டுக்குப் பால் குறைவு, அதன் குட்டி பின்தங்குவது குட்டியின் குற்றமில்லை. இரண்டு வயதுத் தாயின் காளைக்கன்றுக்கு அமெரிக்கக் கணக்கில் 60 பவுண்டு கூட்டிக்கொடுக்கிறார்கள். நம்மிடம் அப்படி எண் கையில் இல்லையென்றால் தலையீத்துக் குட்டிகளைத் தனியாக, மூத்த ஆட்டின் குட்டிகளைத் தனியாக வைத்து ஒப்பிட்டால் போதும்.

24 பிப்ரவரி 2025

ஃபெங்கல் புயல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வருஷம் நம் மாவட்டத்தில் நோட்டு எழுதும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கம் கரையெல்லாம் மூழ்கியது. அந்த வாரம் பிறந்த குட்டிகள் ஈரத்தில் நின்றன, தாய்களுக்கு மேய்ச்சல் கிடையாது, மடியில் பால் வற்றியது. அவற்றில் பெரும்பாலானவை இப்போது மூன்று மாதத்தில் எட்டு கிலோகூடத் தொடவில்லை. தைப் பொங்கலுக்குப் பிறந்தவை இந்த வயதை எட்டும்போது பத்துக்கு மேல் நிற்கும் போலிருக்கிறது.

இதைப் பார்த்துப் "புயல் குட்டி எல்லாமே சொத்தை" என்று ஒதுக்கிவிட்டால் தவறு. புயல் குட்டியைப் புயல் குட்டியோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த வாரத்தில் பிறந்ததில் எட்டரை கிலோ வந்த குட்டி, தன் கூட்டத்தில் ஒன்றரை கிலோ முன்னால் நிற்கிறது என்றால், தையில் பிறந்து சராசரியில் நிற்கும் பத்துக் கிலோ குட்டியைவிட அதன் ரத்தம் மேல். ஒரே காலத்தில் பிறந்து, ஒரே இடத்தில் மேய்ந்து, ஒரே ஆள் கவனித்த குட்டிகளுக்குள் மட்டும்தான் போட்டி.

இதையே அடுத்த ஊருக்கும் நீட்டிப் பாருங்கள். கரும்புத் தோகையும் வரப்புப் புல்லும் தின்னும் என் குட்டியையும், முந்திரிக் காட்டில் மேயும் உங்கள் குட்டியையும் எடையை வைத்து ஒப்பிட வழியே இல்லை. இரண்டு மந்தைக்கும் பொதுவாக ஒரு கிடா இருந்தால்தான் ஒப்பிட முடியும். இதைப் பிறகு எழுதுகிறேன், அது பெரிய விஷயம்.

9 மார்ச் 2025

"கண்ணால் பார்த்தே நல்ல கிடா எடுக்கத் தெரியாதா? எங்கள் தாத்தா தராசா வைத்திருந்தார்?" என்று ஒரு பெரியவர் கோபப்படுகிறார்.

ஐயா, கண் வேண்டாம் என்று சொல்லவில்லை. கால் வளைந்திருந்தால், கீழ்த்தாடை முன்னே நீண்டிருந்தால், விதை ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதைத் தராசு சொல்லாது, கண்தான் சொல்லும். அப்படிப்பட்ட கிடா 20 கிலோ இருந்தாலும் கழித்துவிட வேண்டியதுதான்.

ஆனால் கண்ணை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவில் வளர்த்த ஹியர்ஃபோர்டு என்ற கறிமாடு சாட்சி. 1940களில் அங்கே கண்காட்சிகளில் குட்டையான காலும் உருண்டு திரண்ட உடம்புமாக இருக்கும் காளைக்குத்தான் பரிசு. எல்லோரும் அந்த உருவத்தையே தேடித் தேடி இனம் சேர்த்தார்கள். கொஞ்ச வருஷத்தில் மந்தைகளில் குள்ளக் கன்றுகள் பிறக்க ஆரம்பித்தன. மூச்சுத் திணறி, வயிறு உப்பி, பெரும்பாலும் பிழைக்காத கன்றுகள். அந்தக் குறையை ஒளித்துச் சுமந்த காளைகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கட்டையாக, அழகாகத் தெரிந்தன. நடுவர்கள் கை காட்டியதும் அவற்றைத்தான்.

அதே காலத்தில் மாண்டானா மாநிலத்தில் மைல்ஸ் சிட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேறு வழி. 1934இல் ஒரு ஹியர்ஃபோர்டு மந்தையைத் தனியாக மூடி, வெளிக்காளை எதுவும் சேர்க்காமல், வளர்ச்சி எடையைப் பார்த்தே காளை பொறுக்கினார்கள். லைன் 1 என்று பெயர். கண்காட்சிப் பரிசு அங்கே குறி இல்லை. இன்றைக்கு அமெரிக்க ஹியர்ஃபோர்டு மாடுகளில் பெரும்பாலானவற்றில் அந்த ரத்தம் கலந்திருக்கிறது.

10 மார்ச் 2025

இங்கேயும் நடக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிலையம் சென்னை சிவப்பு ஆட்டில் ஆறு மாத எடையைப் பார்த்துக் கிடா தேர்ந்து, விவசாயிகளின் மந்தைக்கும் கொடுக்கிறது. சேலம் மாவட்டத்தில் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டுக்கு அதே வேலை. நம் மாவட்டத்தின் வடக்கே மேயும் செந்நிற, ரோமம் குறைந்த ஆடுகளில் நிறைய சென்னை சிவப்பு ரத்தம்தான். அப்படி எடை பார்த்துத் தேர்ந்த கிடா ஒன்று கிடைத்தால், சந்தைக் கிடாவுக்குக் கொடுக்கும் விலையைவிடக் கூடுதலாகவே கொடுக்கலாம். அதற்குப் பின்னால் ஒரு நோட்டு இருக்கிறது.

6 ஏப்ரல் 2025

ஒற்றையாகப் பெரிய குட்டி போடும் தாய் நல்லதா, இரட்டை போடும் தாய் நல்லதா என்று இங்கே நடந்த வாக்குவாதம் என்னை யோசிக்கவைத்தது.

எடையை மட்டும் பார்த்துப் பொறுக்கினால் ஒற்றைக் குட்டிதான் எப்போதும் ஜெயிக்கும். மூன்று மாதத்தில் ஒற்றைக் குட்டி 11 கிலோ, இரட்டையில் ஒவ்வொன்றும் 8 கிலோ. ஆனால் பட்டிக்கு வந்தது எவ்வளவு? ஒரு தாய் 11 கொடுத்தாள், இன்னொரு தாய் 16 கொடுத்தாள். வருஷா வருஷம் 11 கிலோக் குட்டியைப் பொறுக்கிக்கொண்டே போனால், 16 கொடுக்கும் தாயை மந்தையிலிருந்து மெல்லத் துரத்திவிடுவோம்.

எனவே பெட்டையைப் பொறுக்கும்போது அவளுடைய எடையைப் பார்க்க வேண்டாம், அவள் தாய் ஒரு ஈத்தில் மொத்தம் எத்தனை கிலோவைப் பால்மறக்கவைத்தாள் என்று பாருங்கள். கிடாவைப் பொறுக்கும்போது இரட்டையை இரட்டையோடு ஒப்பிடுங்கள்.

குட்டி எண்ணிக்கை ரத்தத்தில் இறங்குவது குறைவு, பத்தில் ஒரு பங்கு சுமார். ஒரு தடவை இரட்டை போட்டாள் என்பதற்காக அவள் மகளும் போடுவாள் என்று நம்ப முடியாது. மேற்கு வங்கச் சுந்தரவனத்தின் கரோல் ஆடு வேறு மாதிரி. அதில் ஒரே ஒரு மரபணு இரட்டையைக் கொண்டுவருகிறது. மகாராஷ்டிரத்தில் பல்தானில் இருக்கும் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதை தக்காணி ஆட்டில் ஏற்றி, இரட்டை போடும் மந்தையை உருவாக்கினார்கள். ஆனால் இரண்டு குட்டிக்குப் பால் வேண்டுமே. மேய்ச்சல் இல்லாத பட்டியில் இரட்டை பிறந்தால் ஒன்றைப் புதைக்க வேண்டியிருக்கும். நம் கோடைக்கு, தீவனம் வைத்திருப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம் என்பது என் கருத்து.

7 ஏப்ரல் 2025

பிறந்த எடையையும் கவனியுங்கள். மூன்றரை, நாலு கிலோவில் பிறக்கும் குட்டியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம், ஈனும்போது தாய் படும் பாட்டைப் பார்ப்பதில்லை. பெல்ஜியன் ப்ளூ என்று ஒரு கறிமாடு, பின்தொடை மற்ற மாடுகளைவிட வெகுவாகப் பருத்திருக்கும். அதன் கன்றுகளில் பெரும்பாலானவற்றை வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கிறார்கள். நடு ராத்திரியில் நம் பட்டிக்கு யார் வந்து வயிற்றைக் கிழிப்பார்? அளவாகப் பிறந்து வேகமாக வளரும் குட்டிதான் நமக்கு வேண்டும்.

25 மே 2025

பக்ரீத் நெருங்குகிறது, ஜூன் 7. பட்டிக்குப் பட்டி வியாபாரி வந்துபோகிறார். இந்த வாரம்தான் நான் பிப்ரவரியில் சொன்னதற்குச் சோதனை.

முழுவதையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இருபத்தைந்து, முப்பது பெட்டைக்கு ஒரு கிடா போதும். பாதுகாப்புக்கு இன்னொன்று. நோட்டைப் பார்த்து அந்த இரண்டின் கழுத்துக் கயிற்றை இன்றைக்கே சிவப்பாக மாற்றிவிடுங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். நீங்கள் வயலில் இருக்கும்போது வியாபாரி வந்து, அம்மா நல்ல விலை என்று கொடுத்துவிடுவது நடக்கிற கதை. மீதி எல்லாவற்றையும் தாராளமாக விற்கலாம், நல்ல விலைக்காலம்.

26 மே 2025

"பணம் அவசரமென்றால்?" அவசரமென்றால் இரண்டு நடுத்தரக் கிடாக்களைக் கொடுங்கள். பெரியது ஒன்று கொடுத்தால் வரும் பணத்துக்கு நடுத்தரம் இரண்டு கொடுத்தால் வருவது குறையாது.

29 மே 2025

ஒருவர் எழுதுகிறார்: "போயர் என்ற வெளிநாட்டுக் கறி வெள்ளாட்டுக் கிடா ஒன்று வாங்கி நம் வெள்ளாட்டில் விட்டேன், குட்டி அடுத்த தலைமுறையிலேயே பெரிதாக வந்தது. உங்கள் முக்கால் கிலோவுக்கு ஏன் இத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும்?"

கலப்பில் முதல் தலைமுறை பெரிதாக வரும், அதை மறுக்க முடியாது. கறிக்கு விற்கும் குட்டிக்கு அது நல்ல வழிதான். ஆனால் அந்தக் கலப்புக் கிடாவை மறுபடி மந்தையில் விட்டால் முதல் தலைமுறையில் கிடைத்த துள்ளல் பாதி கரைந்துவிடும். பெரிய உடம்புக்குப் பெரிய தீவனமும் வேண்டும். ஐப்பசி மழையில் குளம்பு அழுகல், குடற்புழு, வைகாசி வெயில் எல்லாவற்றையும் தாங்குவது நம் ஆடு. வெளிக்கிடாவைக் கறிக்குட்டிக்கு வையுங்கள், தாய் மந்தையை நம் இனத்திலேயே பொறுக்குங்கள். இரண்டையும் ஒரே பட்டியில் கலக்கவிட்டால் நாலு வருஷத்தில் எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

20 ஜூலை 2025

ஆடி பிறந்துவிட்டது. கிடா சேர்க்கும் மாதமும் இதுதான், கிடா வெட்டும் மாதமும் இதுதான்.

நேர்ந்துவிட்ட கிடா பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். அய்யனாருக்கோ முனீஸ்வரனுக்கோ நேர்ந்த கிடாவை விற்க மாட்டோம், காயடிக்கவும் மாட்டோம். அது இரண்டு மூன்று வருஷம் ஊர் மந்தையில் சுற்றும். அந்த இரண்டு மூன்று வருஷமும் எத்தனை குட்டிக்கு அது தகப்பன் ஆகிறது! நம் ஊர்களில் விலைக்குப் போகாமல் தப்பும் ஒரே கிடா சாமிக் கிடாதான். ஆனால் நேரும்போது பார்ப்பது நிறத்தை. ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாத கருப்பு, அல்லது சாமி கேட்ட செவலை.

நிறத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரிடமும் கேட்க மாட்டேன். ஒரே நிறத்தில் மூன்று குட்டி நிற்கும்போது, ஆறு மாத எடை எதற்கு அதிகமோ அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளியுங்கள். சாமிக்கும் நல்ல கிடா போகும், மந்தைக்கும் நல்ல ரத்தம் தங்கும். எங்கள் ஊர்ப் பூசாரியிடம் இதைச் சொன்னேன், யோசித்துவிட்டு "சாமிக்கு வளர்ந்ததைக் கொடுப்பதுதானே முறை" என்றார்.

21 ஜூலை 2025

இந்த மார்கழிக் குட்டியை இந்த ஆடிக்கே பெட்டையோடு விடலாமா? ஏழு மாதத்தில் ஏறும், சினையும் பிடிக்கும், ஆனால் முழு மந்தையைக் கொடுக்கக் கூடாது, உடம்பு நின்றுவிடும். அடுத்த ஆடிக்கு ஒன்றரை வயதில் விடுங்கள். அதுவரை பெட்டையோடு சேராமல் இருக்க வயிற்றுக்கு அடியில் சாக்குத் துணி கட்டி மேய்க்கலாம். துணி ஈரமாகிப் புண் வைக்கும், மாலையில் அவிழ்த்துக் காயவைத்துக் கட்ட வேண்டும். பொறுக்காத கிடாக்களை மூன்று மாதத்திலேயே காயடித்துவிட்டால் இந்த வேலை பாதி குறையும்.

17 ஆகஸ்ட் 2025

பிப்ரவரியில் பாக்கி வைத்த விஷயம்: இரண்டு மந்தையை ஒப்பிடுவது.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் டிஷ்லி என்ற ஊரில் ராபர்ட் பேக்வெல் என்ற விவசாயி இருந்தார். தன் கிடாக்களை அவர் விற்கவில்லை, ஒரு பருவத்துக்கு வாடகைக்குக் கொடுத்தார். பருவம் முடிந்து கிடா திரும்பி வரும். எந்த ஊரில், யார் மந்தையில் அதன் குட்டிகள் நன்றாக வந்தன என்ற செய்தியும் கூடவே வரும். குட்டிகள் நன்றாக இருந்த கிடாவை மறுபடி தன் பெட்டைகளுக்கே விடுவார். காசும் வந்தது, கிடாவுக்குச் சோதனையும் நடந்தது.

இது நம்மால் முடியாத காரியமா? பக்கத்துப் பக்கத்தில் நாலு மந்தைக்காரர்கள் சேர்ந்தால் போதும். என் கிடா ஒரு பருவம் உங்கள் பட்டியில், உங்களுடையது அடுத்தவர் பட்டியில். ஒவ்வொரு பட்டியிலும் இரண்டு கிடாவின் குட்டிகளாவது இருக்க வேண்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும். ஒரு கிடாவின் ஐந்து குட்டிகளின் சராசரி, அந்தக் கிடாவின் சொந்த எடை சொல்லும் அளவுக்கு உண்மையைச் சொல்லும். பத்துக் குட்டி ஆனால் அதைவிட நன்றாகவே சொல்லும். ஆறு மாதத்தில் 19 கிலோ நின்ற கிடாவின் குட்டிகள் சராசரியில் நின்றால், அந்த எடையில் பெரும்பகுதி தாய்ப்பாலும் அதிர்ஷ்டமும்தான் என்று தெரிந்துபோகும்.

பேக்வெல்லின் ஆட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீக்கிரம் கொழுக்க வேண்டும் என்று பொறுக்கிப் பொறுக்கிக் கொழுப்பு அதிகமாகிவிட்டது, குட்டி போடுவதும் குறைந்தது என்று அந்தக் காலத்திலேயே புகார் உண்டு. ஏப்ரலில் நான் இரட்டைக் குட்டி பற்றி எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். ஒரே எண்ணைத் துரத்தக் கூடாது.

18 ஆகஸ்ட் 2025

கிடா மாற்றும்போது நோயும் மாறும். வந்த கிடாவை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். குடற்புழு மருந்து கொடுங்கள். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி தடுப்பூசி போட்ட தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தேதி சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

12 அக்டோபர் 2025

தீபாவளி 20ஆம் தேதி, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வேப்பூரில் கூட்டம் அலைமோதும். வேலை முடித்த இரண்டு வருஷக் கிடாவை விற்க இதைவிட நல்ல நாள் கிடையாது. "அது நல்ல கிடா ஆச்சே, இன்னும் இரண்டு வருஷம் வைக்கலாமே" என்று குறிஞ்சிப்பாடித் தங்கை கேட்டிருக்கிறார்.

உங்கள் பட்டியில் வேண்டாம். அதன் மகள்கள் இப்போது பருவத்துக்கு வந்துவிட்டார்கள். தகப்பன் மகள் சேர்ந்தால் குட்டி இளைத்துப் பிறக்கும், சாவும் கூடும். ஆனால் நோட்டில் அதன் குட்டிகள் முன்னால் நிற்கிறதென்றால் சந்தைக்கு ஓட்டாதீர்கள். அதன் மகள்கள் இல்லாத மந்தைக்குக் கொடுங்கள். கறி விலையோடு ஆயிரமோ இரண்டாயிரமோ கூடுதலாகக் கேளுங்கள், நோட்டில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கையில் கொடுங்கள். பல் முழுதாக இருக்கிறதா, விதை இரண்டும் ஒரே அளவில் கெட்டியாக இருக்கிறதா என்று வாங்குகிறவர் கை வைத்துப் பார்க்கட்டும்.

அதன் மகன்களில் ஒன்றைத்தான் அடுத்த கிடாவாக வைத்தீர்கள் என்றால், அவனையும் அடுத்த ஆடிக்கு முன்னால் வேறு பட்டிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இப்போதே ஆள் பார்த்து வையுங்கள், ஆனியில் தேடினால் நல்ல கிடா கையில் வைத்திருப்பவர் யாரும் கொடுக்க மாட்டார்.